எல்லாப் படத்துக்கும் சொல் எழுதியவன்

என் தம்பி இணையப் பக்கம் வடிவமைக்கிறவன். இருபத்தாறு வருடமாக அதுதான் தொழில். தெருவில் அவனுக்குக் கம்ப்யூட்டர் என்றே பெயர். "கம்ப்யூட்டர் அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்று என்னையும் கூப்பிடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவன் செய்வது எனக்கு முழுக்கப் புரியாது. சொல்லிச் சொல்லிக் கேட்டதில் காதில் தங்கியதைத்தான் எழுதுகிறேன்.

அவன் தொடங்கிய காலத்தில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. இணைப்புக் கிடைக்கும்வரை பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தும். கிடைத்துவிட்டால் வீட்டுக்கு யாரும் போன் பண்ண முடியாது. ஒருமுறை பெரியப்பா இரண்டு நாள் முயன்றுவிட்டு, நேரிலேயே வந்து நின்று, "எல்லாரும் உசுரோட இருக்கீங்களா?" என்று கேட்டார். ஒரு படம் திறந்தால் தலை முதலில் வரும், கழுத்து வருவதற்குள் நான் ஒரு வாளித் துணியை அலசிவிடுவேன். அதனால் பலர் படமே வராமல் நிறுத்தி வைத்திருந்தார்களாம். அப்படிப்பட்டவர்களுக்காகப் படம் இருக்கும் இடத்தில் இரண்டு வார்த்தை எழுதி வைப்பது அன்றைய வழக்கம். இணையம் வேகமானதும் மற்றவர்கள் அதை விட்டுவிட்டார்கள். இவன் விடவில்லை.

மற்றவர்களின் பக்கங்களைத் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தே தொழில் கற்றான். பள்ளிக்கூடம் எதுவும் போகவில்லை. "அப்பல்லாம் யாரும் எதையும் மறைக்கலக்கா. சமையலறைக் கதவத் திறந்து போட்ட மாதிரி" என்பான். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு கருவி வந்துவிட்டது. படத்தைச் சுருக்க ஒன்று. எழுத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று சொல்ல ஒன்று. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் எங்கே தவறு என்று சிவப்பில் காட்ட ஒன்று. இந்தக் கடைசிக் கருவிமேல் அவனுக்குத் தனி மதிப்பு. வாரம் ஒருமுறை, ஊர் நூலகத்துக்கு அவன் செய்துகொடுத்த பக்கத்தை அதில் போட்டுப் பார்ப்பான். எல்லாம் பச்சையாக வந்தால் அன்றைக்கு அவன் நடையே வேறு. "உங்க தம்பி பரிட்சையில பாஸ் அண்ணி. இன்னைக்கு எது கேட்டாலும் வாங்கிக் கொடுப்பாரு, கேட்டுக்குங்க" என்பாள் அவன் மனைவி.

நூலகத்தின் பக்கம் அவன் செய்த முதல் பெரிய வேலை. அவனிடம் மிச்சமிருந்த ஒரே நிலையான வேலையும் அதுதான். மற்ற வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் பெரிய நிறுவனங்களிடம் போய்விட்டார்கள். போன வருடம் நூலகத்துக்குப் புதிய தலைவி வந்தார். பார்வை இல்லாதவர். பக்கத்தைப் புதிதாகச் செய்யப் போகிறோம், ஒரு நிறுவனமும் அந்த வேலையைக் கேட்டிருக்கிறது, நீங்களும் வந்து உங்கள் பக்கத்தைக் காட்டுங்கள் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவனுக்கு ஒரே சந்தோஷம். "பார்வை இல்லாதவங்க பக்கத்தைக் காதால கேப்பாங்கக்கா. ஒரு மென்பொருள் வாசிச்சுக் காட்டும். நான்தான் எல்லாப் படத்துக்கும் எழுதி வச்சிருக்கேனே!"

"அப்ப வேலை உனக்குத்தானா?"

"நாற்பத்தேழு படம். ஒண்ணு விடல."

அன்று நூலகத்துக்குப் பக்கத்தில் பல் மருத்துவரிடம் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதனால் நானும் கூடப் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் ஜபித்துக்கொண்டே வந்தேன், இந்த வேலை இவன் கையைவிட்டுப் போகக் கூடாது என்று.

தலைவியின் அறையில் மேசை, கம்ப்யூட்டர், ஒரு சிறிய ஒலிபெருக்கி. திரை அணைந்திருந்தது. அவருக்கு அது எதற்கு? "உக்காருங்க. உங்க பக்கத்தை நான் தினம் கேக்கிறேன். இன்னைக்கு நீங்க கேளுங்க" என்று ஒரு பொத்தானைத் தட்டினார்.

ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. "இடைவெளி, படம். இடைவெளி, படம். இடைவெளி, படம்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அது நிறுத்தவில்லை. நூலகத்தின் பெயர் வந்தது, உடனே மறுபடி இடைவெளி, இடைவெளி. பிறகு "திறக்கும் நேரம்" என்றது. நேரத்தைச் சொல்வதற்குள் இன்னும் ஆறு இடைவெளி.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் பக்கத்தில் இரண்டு பொருள்களுக்கு நடுவே இடம்விடச் சரியான வழி இல்லை. கண்ணுக்குத் தெரியாத, ஒரு புள்ளி அளவுப் படத்தைச் செய்து, வேண்டிய அளவுக்கு இழுத்து நடுவில் வைப்பார்கள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்ததுதான். எந்தப் படத்துக்கும் சொல் இல்லாமல் விடக் கூடாது என்ற கவனத்தில், இவன் அந்த ஒன்றுமில்லாத படங்களுக்கும் 'இடைவெளி' என்று எழுதி வைத்திருக்கிறான். நாற்பத்தேழில் முப்பத்தெட்டு அப்படி. பிறகு பக்கத்துக்கு மேல்பூச்சை மாற்றினானே தவிர அடியில் கை வைக்கவில்லை. படத்துக்குச் சொல் இருக்கிறதா என்று மட்டும்தான் கருவி பார்க்கும். இருந்தது, பச்சை காட்டியது. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவன் தன் பக்கத்தைக் காதால் கேட்டதில்லை.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றான்.

"வந்த புதுசுல உங்க மேல எனக்குக் கொலைவெறி சார்" என்று அவர் சிரித்தார். "ஒரு புத்தகம் தேடறதுக்குள்ள காபி ஆறிப்போயிடும். அந்த நிறுவனத்துக்காரங்க பக்கத்தையும் கேட்டேன். அதுல ஒரு படத்துக்கும் ஒரு வார்த்தை கிடையாது. படத்தோட கோப்புப் பேர்ல இருக்கிற வெறும் எண்ணத்தான் வாசிக்குது. அவங்க ஊமை, நீங்க தொணதொணப்பு."

பிறகு அவரே மறுபடி ஒரு பொத்தானைத் தட்டினார். "வாசிப்பு அறை. மூன்று சன்னல்கள். நடுச் சன்னல் மட்டும் திறந்திருக்கிறது. கீழே தனியாக ஒரு நாற்காலி" என்றது ஒலிபெருக்கி.

"இதையும் நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா மேடம்."

"அந்த அறையில நான் எட்டு மாசமா உக்காந்திருக்கேன். மூணு சன்னல்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல."

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. புதிய பக்கத்தை வடிவமைக்கும் வேலை நிறுவனத்துக்கு. நூலகத்தில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பழைய புகைப்படங்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் ஏற்றப் போகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் சொல் எழுதும் வேலை இவனுக்கு. இரண்டு மூன்று வருடம் ஓடும் வேலை.

அவன் கடிதத்தை மடித்து வைத்தான். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "வடிவமைப்பாளன்னு இனிமே எப்படிக்கா சொல்லிக்கிறது?" என்றான்.

அவன் மனைவிதான் சொன்னாள். "தெருவுல கேட்டா கம்ப்யூட்டர்னே சொல்லிக்குங்க. முதல்ல அவங்களுக்கு சம்மதம்னு எழுதிப் போடுங்க."

எழுதிப் போட்டான். நான் கடவுளிடம் கேட்டது பழைய வேலையை. அவர் கணக்கு வேறாக இருந்தது, நான் குறை சொல்லவில்லை. நூலகத்தில் அவனுக்கு ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் எழுதியதை ஒலிபெருக்கியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறானாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறான். முதல் வாரத்தில் முடிந்தது ஒன்பது படம்தான்.