துணி அடைத்த ஹார்ன்

தாராவியில் எங்களுக்கு இட்லி வியாபாரம். நான் அவித்துக் கொடுப்பதை என் கணவர் சைக்கிளில் ஹார்ன் அடித்தபடி தெருத்தெருவாக விற்பார்.

ஒருநாள் அவர் வீட்டு மேல்தட்டு அறையிலிருந்து இறங்கும்போது இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்து, தலையைத் தரையில் மோதிக்கொண்டார். கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்தார். ரத்தம் வரவில்லை என்பதால், தலைவலி மாத்திரையோடு விட்டுவிட்டோம்.

அதன்பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். தட்டு விழுந்த சத்தத்துக்கு மகளை அடிக்கப் போனார். பிறகு அவரே அழுதார். இட்லி பாதிக்குமேல் திரும்பி வந்தது. என் மேல்தான் ஏதோ வெறுப்பு என்று பயந்து, கேட்காமலே இருந்தேன்.

சைக்கிளைத் துடைத்தபோதுதான் பார்த்தேன், ஹார்ன் வாயில் துணி அடைத்திருந்தது.

"அமுக்குனா மண்டைக்குள்ள இடிக்கி. ஒங்கிட்ட சொன்னா யாவாரத்துக்கு விடமாட்ட" என்றார்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அடிபட்ட மூளை இன்னும் ஆறவில்லை, தலைவலி மட்டுமல்ல, எரிச்சலும் அழுகையும்கூட அதனால்தான் என்றார் டாக்டர். டாக்டரைக் கேட்காமல் தினமும் தலைவலி மாத்திரை விழுங்கியதற்குத் திட்டினார். ஓய்வெடுத்து, வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கச் சொன்னார்.

தலையில் அடி என்றால் இப்போதெல்லாம் நான் ரத்தத்தைத் தேடுவதில்லை, நேரே டாக்டரிடம்தான். என் கணவர் கத்தினால் பதிலுக்குக் கத்தாமல், "தலை வலிக்கா?" என்று கேட்கிறேன்.

நேற்று அவரே துணியை எடுத்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த சந்தில் ஹார்ன் ஒருமுறை ஒலித்தது. இரண்டாவது சத்தம் வரும்வரை மாவுக் கையோடு வாசலிலேயே நின்றேன்.