நாத்தனார் ஊற்றிய ஆயில்

என் நாத்தனாருக்கு ஒர்க்‌ஷாப்பில் 'ஆமை' என்று பெயர். நேராகக் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டாள். திரும்பிப் பார்க்கத்தான் கொஞ்சம் நேரமாகும்.

அங்கே கியர்பாக்ஸ் வேலை முழுக்க அவள் கையில். மற்றவர்கள் வண்டிக்கடியில் புகுந்ததுமே பழைய ஆயிலை வடித்துவிடுவார்கள். இவள் முதலில், புதுசு ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்ப்பாள். "வடிச்ச பிறகு அது தொறக்கலைன்னா வண்டியைத் தலையிலயா தூக்கிட்டுப் போறது?" என்பாள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இருப்பது ஒரே கார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். அதில் மூன்றாவது கியர் போட்டால் கர்ரென்று கத்த ஆரம்பித்தது. பழகுகிறவர்கள் போட்டாலும் கத்தியது, நான் போட்டாலும் கத்தியது. பார்த்தவர்களெல்லாம், "கியர்பாக்ஸ் போச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க" என்றார்கள். நான் காரை நேராக நாத்தனாரிடம் கொண்டுபோனேன்.

நாத்தனார் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். மஞ்சளாகப் பொடி மினுங்கியது.

"அண்ணி, இதை யாரு ஊத்தினது?"

என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான். வண்டிப் புத்தகத்துல நாலாம் நம்பர்னு போட்டிருந்துச்சு. கடையில அஞ்சு இருந்துச்சு. ஒசத்தியாவே இருக்கட்டுமேன்னு ஊத்தினேன்."

மனுஷருக்கு எதுவும் ஒரு சுற்று பெரிதாக வேண்டும். சட்டைகூட அப்படித்தான் எடுப்பார்.

"அண்ணா, அந்த அஞ்சு வேற வேலைக்கு. கியர் மாத்துறப்ப உள்ள இருக்கிற பித்தளை வளையம் இறுக்கிப் பிடிச்சாத்தான் சத்தமில்லாம விழும். இது ரொம்ப வழுக்குது, எங்க பிடிக்கும்? பித்தளையையும் அரிச்சிடும்."

அவர் முகம் தொங்கிப்போனது. அவள் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். "நைஸாத்தான் இருக்கு, துண்டு எதுவும் வரலை. வளையம் இன்னும் மிச்சம் இருக்கும்ணா. பார்ப்போம்."

நாலாம் நம்பர் ஆயிலை, துளை விளிம்பில் வழியும்வரை ஊற்றினாள். ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னாள். போய்வந்தேன். மறுபடியும் கர்ர். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவளோ அந்தப் புது ஆயிலையும் வடித்துக் கொட்டினாள்.

"மூலையில ஒட்டியிருந்த பழசெல்லாம் இதோட வந்திருக்கும் அண்ணி. இன்னொரு தடவை ஊத்துவோம்."

வேறு யாராவது என்றால் முதல் தடவையிலேயே கைகழுவியிருப்பார்கள். இப்படி ஒரு ஆமை நம் வீட்டில் இருப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, இந்தக் காரிலேயே பழகிவரும் ஒரு பெண் மூன்றாவது கியரைப் போட்டாள். போட்டுவிட்டுக் கையை எடுக்காமல் எதற்கோ காத்திருந்தாள்.

"மேடம், சத்தமே வரலையே... கியர் விழுந்துச்சா?"

"விழுந்துடுச்சும்மா, போ" என்றேன். என் நாத்தனார் நன்றாக இருக்க வேண்டும். வயதில் சின்னவள்தான், இருந்தாலும் ஒர்க்‌ஷாப் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்தப் பெண் பதறிப்போனாள். "ஏன் மேடம் கும்பிடுறீங்க? எதிர்ல லாரி ஏதாவது வருதா?"