நெட்டுக்குப்பத்தில் குப்புறக் கிடந்த கட்டை

மணலில் மூன்று கட்டைகள்தான் கிடந்தன. நாலாவது கிடந்த இடம் மெழுகிவிட்டதுபோல் ஈரமாக இருந்தது. கரையேறியதும் கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவது எங்கள் வழக்கம். மேட்டுக்கு இழுப்பது அம்மாவும் நானும். கடைசிக் கட்டைக்கு அம்மா கூப்பிட்டபோது 'அப்புறம்' என்றவள் நான்தான். அலை கொண்டுபோய்விட்டது. மூன்று கட்டையை வைத்து மரம் கட்ட முடியாது; நைனா கடலை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார்.

ஆடியில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். அதனால் கட்டையைத் தேடி ராயபுரத்தில் காலை ஏழரை மணி ரயிலில் எண்ணூருக்கு ஏறினேன். எட்டு மைல், டிக்கெட் மூன்றணா. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அந்நியரிடம் பேசிப் பழக்கமில்லை. கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ரயில் திருவொற்றியூரைத் தாண்டும்போது, கட்டை கிடைத்தால் நெய்விளக்கு போடுவதாக அங்கே கோயில்கொண்ட அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

எண்ணூரிலிருந்து நெட்டுக்குப்பம் ஒன்றரை மைல் நடை. செருப்பில்லாதவர்கள் ஈர மணலிலேயே நடங்கள். ஒதுங்கிய கட்டையைத் தேடிப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: கண்டெடுத்தவர் அடையாளம் வெளியே தெரியாதபடி அதைக் குப்புறப் போட்டிருப்பார். உளியால் வெட்டிய உங்கள் குறியைச் சொன்ன பிறகே புரட்டுவார்.

அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கட்டை ஒன்று இருந்தது. எங்கள் கட்டையை அலை கொண்டுபோனதைச் சொன்னேன்.

"இன்னாம்மே, கட்டைய கடல்ல வுட்டுட்டு வூட்ல தூங்கிகினு இருந்தீங்களா?" என்றாள்.

எங்கள் குறி மூன்று கீறல் என்றேன். புரட்டினாள். இரண்டுதான் இருந்தன.

"ஒண்ணு தேஞ்சிப் போச்சி போலக்கீது. உங்க நைனாவ வந்து எடுத்துகினு போவச் சொல்லு."

அம்மனே கொடுத்துவிட்டாள் என்று ஒரு கணம் நம்பினேன். வேண்டியது கைக்கு எட்டினால் அது சாமி தந்தது என்று நினைப்பது மனுஷ சுபாவம். விரலால் தடவினேன். மூன்றாவது கீறல் தேயவில்லை. அங்கே உளியே பட்டதில்லை. அக்காவுக்கு அது தெரியாது. கோயிலும் நாலைந்து மைல் பின்னால் இருந்தது. சாமி பார்க்கிறது என்ற பயத்தில்தான் பொய் சொல்லாமல் இருக்கிறோம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று பயம் வரவில்லை. வேறொரு குப்பத்தில், வேறொரு மணலில் மூன்று கட்டைகள் கிடப்பதுதான் கண்ணில் தெரிந்தது. அந்த வீட்டு நைனாவும் எங்கேயோ மூட்டை தூக்குவார். சாமி கேட்பது விளக்கை இல்லை, இதைத்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

"இது எங்க கட்ட இல்லக்கா," என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் கட்டையைத் திரும்பக் குப்புறப் புரட்டி வைத்துவிட்டு, இன்னும் வடக்கே தேட, முகத்துவாரத்தில் அரையணா கொடுத்து, அக்கரையில் காட்டுப்பள்ளிக்குப் போகும் படகில் ஏறினேன்.