வேனுக்குக் கொடுத்த கிணற்றுக் கரண்டு

உழவனுக்குப் புத்தி சொல்ல வந்த அரசாங்க வேன் அது. உள்ளேயே கட்டில், மேசை விசிறி, சிலைடு காட்டும் மிஷின். பின்னால் ஜெனரேட்டரும் இருந்தது. ஆனால் அதில் குடியிருந்த ஆபீசருக்கு அதன் சத்தம் ஆகாது, புகையும் ஆகாது. முதலில் பாட்டரியில் விசிறி ஓட்டிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் பாட்டரி செத்தது. அப்புறம் உத்திரமேரூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குள் மின்கம்பி எங்கே போகிறதென்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, என் கிணற்றுக்கு வந்து சேர்ந்தார்.

"மோட்டார் கொட்டாயிலேர்ந்து ஒரு ஒயர் குடுங்க. ஒரு விசிறி, ஒரு பல்பு. அவ்ளோதான்."

நானும் பல்லை இளித்துக்கொண்டு கொடுத்தேன். ஊரிலேயே முதல் மோட்டார் என்னுடையது. அது வந்ததும், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற சால் இழுத்த மாடு இரண்டையும் பங்காளிக்கு விற்றுவிட்டேன். அரசாங்கமே என்னிடம் கரண்டு கேட்கிறது என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டேன். வெட்கங்கெட்ட ஜென்மம்!

விசிறியோடு நின்றாரா அந்த மனுஷன்? மூன்றாம் நாள் மின்சார அடுப்பையும் மாட்டினார். மூன்று பியூசில் ஒன்று போனது. மிச்ச இரண்டில் வந்த கரண்டில் உறுமி உறுமி மோட்டார் கருகிவிட்டது. நெல் பால் பிடிக்கிற சமயம். தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் பதர்.

நான் வேனுக்கு ஓடுவதற்குள் அவரே எதிரே வந்தார்.

"என்னய்யா, கரண்டு நின்னுபோச்சு? காபி பாதியில நிக்குது."

"மோட்டார் எரிஞ்சி பூட்ச்சி சார். பயிரு காயுது."

"அடடா. ஒரு மனு எழுதிக் குடுங்களேன்."

மனுவாம்! மனுவை மடையில் விட்டால் பாயுமா?

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா மனுசன்யா நீ! வித்த மாட்டயே போயி கேளு." கேட்டேன். பங்காளி சிரித்துக்கொண்டே கொடுத்தான். பரணிலிருந்த தோல் சாலை இறக்கி, ராப்பகலாக இறைத்தோம். ஆபீசர் வரப்பில் நின்று கேமராவில் எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார். பாதி வயல்தான் தேறியது.

இரண்டு மாதம் கழித்துப் பழையசீவரத்திலிருந்து மச்சான் வந்தான்.

"மாமா, அங்க வேன்ல ஒன் படம் காட்னாங்க. நீயும் மாடும். கரண்டு வந்தும் மாடு கட்டி எறைக்கிற வெவரங்கெட்ட உழவன்னு ஆபீசரு சொன்னாரு."

"அதைக் காட்டவாவது ஜெனரேட்டர ஓட்னானா?"

"எங்க? புதுசா மோட்டார் போட்டுக்கீறாரு ஒருத்தரு. அவரு கெணத்துலேர்ந்து ஒயர் இய்த்துக்கினு இருந்தாங்க."

அந்தக் கிணற்றுக்காரனும் பல்லை இளித்திருப்பான்.