பள்ளிக்கூட அலமாரியில் இரண்டு துப்பாக்கிகள்

“டீச்சருக்கு எண்ணத் தெரியுமோ?” என்று ரைட்டர் மத்தாயி கேட்டது, கேரளாவில் உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ரைட்டர் என்றால் தோட்டத்தில் பேரேடு எழுதுகிறவர். முதலாளி கோட்டயத்தில் இருப்பதால் இங்கே அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சியை முதல் வகுப்பில் முடித்துவிட்டு, போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? பையிலிருந்த சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தோட்டாக்களை எண்ணத் தெரியுமா என்றுதான் கேட்டாராம்.

பள்ளிக்கூடத்து இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். மேல்தட்டில் வருகைப் பதிவேடும் சாக்பீஸ் டப்பாவும். நடுத்தட்டில் ஸ்லேட்டுகள். கீழே, சாக்கில் சுற்றிய இரண்டு துப்பாக்கிகள். பன்றி விரட்டும் காவல்காரர்கள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போய்க் காலையில் திருப்பித் தருவார்கள். தோட்டாவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது டீச்சரின் வேலை. தோட்டத்தில் பூட்டு உள்ள கட்டிடங்கள் இரண்டு. ஒன்று ஏலக்காய் ஸ்டோர், மற்றது பள்ளிக்கூடம். காவல்காரர்கள் ஸ்டோருக்குள் கால் வைக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் வரலாம்.

போடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியைப் பார்த்தது தேர்தல் நாளில் மட்டும், போலீஸ்காரர் தோளில். அன்று எங்களுக்கு விடுமுறை. துப்பாக்கி உள்ளே வந்தால் பிள்ளைகள் வெளியே இருக்க வேண்டும் என்ற அளவுக்கு அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. இங்கே முதல் வாரம் ஒவ்வொரு தோட்டாவையும் இரண்டு தடவை எண்ணினேன். இரண்டாம் மாதம் தோட்டாவை எண்ணிக்கொண்டே பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்டேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை.

காவல்காரர்களில் ஒருவர் அந்தோணி. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவர், இருபது வருடமாக இந்தக் காட்டில் இருக்கிறார். மனைவி இறந்துவிட்டாள், மகள் ஸ்டெல்லா என்னிடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மழைக்காலத்தில் அவர் பேச்சு மாறியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் சிலர் காத்துக் கருப்பு அடித்திருக்கிறது என்றார்கள், சிலர் சிரித்தார்கள். நான் ஒவ்வொரு சாயங்காலமும் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தேன். ஆறு தோட்டா போனது, ஆறு வந்தது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் பதிவேட்டைத் திறக்கும்போது அந்தோணி உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். பிள்ளைகளுக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். துப்பாக்கி மடியில் இருந்தது. விரல், சுடுகிறவனுக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது.

“வந்துட்டானுவ டீச்சர். பிள்ளையள வெளிய விடாதிய.”

அவர் எங்களைக் காப்பாற்ற வந்திருந்தார். அதுதான் ஆபத்து. கதவை யார் தட்டினாலும் சுடுவார். நடுவில் முப்பத்தொரு பிள்ளைகள். ஸ்டெல்லா தலையைத் தூக்காமல் ஸ்லேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கியைக் கேட்டால் அவர் கண்ணுக்கு நானும் அந்த ஆட்களில் ஒருத்தியாகிவிடுவேன் என்று தோன்றியது. இந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் களத்தில் பேர் கூப்பிடும்போது, பேர் வந்தவர் கையிலிருக்கும் கத்தியையோ மண்வெட்டியையோ தரையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கி, இரண்டடி முன்னால் வர வேண்டும். சாமான் குறையாமல் பார்க்க ரைட்டர் கொண்டுவந்த ஏற்பாடு. நான் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பேராகப் படித்தேன். பிள்ளைகள் உள்ளேன் என்றார்கள். என் குரல் நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். கடைசியில், களத்தில் கூப்பிடுகிற மாதிரி, பதிவேட்டில் இல்லாத பேரைக் கூப்பிட்டேன்.

“அந்தோணி.”

அவர் துப்பாக்கியைத் தரையில் வைத்தார். கையைத் தூக்கினார். இரண்டடி முன்னால் வந்தார்.

நான் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, ஸ்டெல்லாவிடம் கதவைத் திறக்கச் சொன்னேன். பிள்ளைகள் வெளியே போனார்கள். அந்தோணி தூக்கிய கையை இறக்கவில்லை. போதும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“தோக்கு என்ன செஞ்சது டீச்சரே? ஆளுக்கில்லே கேடு? ஆளை எறக்கி விட்டா தீர்ந்தில்லே?” என்றார் ரைட்டர். தோக்கு என்பது துப்பாக்கி; இறக்கி விடுவது என்றால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்ப் போடியில் விட்டுவிடுவது. எங்கள் ஊரில் புத்தி கலங்கியவரைக் கோயிலில் கட்டிப்போடுவார்கள். இங்கே மலையிறக்கி விடுகிறார்கள், நோய் தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்தது போல. லயத்துத் தாய்மார்களும் ரைட்டர் பக்கம்தான். “நல்ல மனுசன்தான். எனக்கு ஒத்தப் புள்ளையில்ல டீச்சர்?” என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“அவர் மனசு தெளிய எத்தனை மாசம் ஆகுமோ. துப்பாக்கிய நகத்தப் பத்து நிமிசம் போதும் சார்,” என்று மட்டும் ரைட்டரிடம் சொன்னேன்.

மறுநாள் அரசு ஆபீசுக்குப் போனேன். தோட்டத்துத் துப்பாக்கி விஷயம் என்றதும் குமாஸ்தா மரியாதையாக நாற்காலி போட்டு, லைசென்ஸ் விண்ணப்பத்தை என் முன் வைத்தார். தொந்தரவு பன்றியா யானையா என்று விசாரித்தார். துப்பாக்கிகளை எடுத்துப் போகச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஃபாரம் இருக்கிறது, வேண்டாம் என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை. யாராவது செத்தார்களா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் புகார் என்ன என்பது அவருடைய அடுத்த கேள்வி. விண்ணப்பத்தை அவர் பக்கமே தள்ளி வைத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தைத் துப்பாக்கிகளுக்கே விட்டுவிட்டுச் சாவியை ரைட்டரிடம் கொடுத்தேன். வகுப்பை அவர் வீட்டு வாசலில் நடத்தினேன். வேலை போகும் என்றார். போகட்டும் என்றேன். பிள்ளைகள் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவர் துப்பாக்கிகளைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளை குட்டி இருக்கிற வீட்டில் இதென்ன என்று அவர் மனைவி இரண்டே நாளில் கோட்டயத்துக்கு, முதலாளி வீட்டுக்கே அனுப்ப வைத்துவிட்டாராம். இப்போது தகரம் தட்டிப் பன்றி விரட்டுகிறார்கள். பாதிப் பன்றிகள் போகின்றன.

மீதி இருந்தது அந்தோணி. சொந்தக்காரர் யாராவது வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், லயத்து வீட்டை இரண்டு மாதம் வேறு ஆளுக்குக் கொடுப்பதில்லை என்று ரைட்டர் இறங்கி வந்தார். அந்தோணிக்குச் சொந்தம் என்று இருப்பது எட்டு வயது ஸ்டெல்லா ஒருத்திதான்.

அப்பாவையும் மகளையும் நானே கூட்டிக்கொண்டு வந்து, இதை மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சீட்டு எழுதுகிறவர் ஊரைக் கேட்டார். அந்தோணி தோட்டத்தின் பேரைச் சொன்னார். அது கேரளாவில் இருக்கிறதே, சொந்த ஊரைச் சொல்லுங்கள் என்றார் அவர். அந்தோணி என்னைப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கம் அவருக்கு வீடும் இல்லை, விலாசமும் இல்லை. நான் போடியில் எங்கள் தெருவின் பேரையும் கதவு எண்ணையும் சொன்னேன். கூட வந்திருப்பவர் என்ன உறவு என்று கேட்டார். தங்கை என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தனக்கு இப்படி ஒரு மகன் இருப்பது போடியில் இருக்கும் என் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.