நான் குறைத்து எழுதிய பத்து வயது

முதியோர் ஓய்வூதியம் கேட்டு, மைசூரில் ஓர் அரசு அலுவலகப் படிகளில் திங்கள்தோறும் அமர்ந்த பெண்களோடு நானும் இருந்தேன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்களுக்குக் கன்னடத்தில் மனு எழுதுவது என் பங்கு. அந்தத் திங்களன்று மட்டும் என்னால் உட்கார முடியவில்லை. படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

காரணம் பழையது. ஆதார் பதிவு நடந்தபோது, தேவராஜ மொஹல்லாவின் ஒரு சந்தில் இவர்களுக்குப் படிவம் நிரப்பியவளும் நான்தான். தலைக்குச் சாயம் பூசி வந்திருந்த ஒருத்தி என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, பத்து வயசு கொறச்சுப் போடுங்க. கெழவின்னு தெரிஞ்சா மேஸ்திரி சட்டி தூக்க விடமாட்டான்."

பின்னால் நின்றவர்களும் அதையே கேட்டார்கள். உதவி என்று நம்பித்தான் எழுதினேன்.

இப்போது அவளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. மேஸ்திரி கூப்பிடுவதும் இல்லை. உண்மையில் வயது அறுபத்து நான்கு. அட்டையில் ஐம்பத்து நான்கு. அறுபது ஆகவில்லை என்று மனு இருமுறை திரும்பிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழைக் காட்டித் தாயின் வயதை நிறுவலாம் என்பது எங்கள் போராட்டம் கண்டுபிடித்த வழி. மகனின் சான்றிதழோடு அன்று அவள் மேசைமுன் நின்றாள்.

அதிகாரி அதையும் அவளுடைய ஆதார் அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "ஏனம்மா இது? எட்டு வயசுலே மகன் பெத்தியா?"

வரிசை சிரித்தது.

"எட்டு வயசுல எனக்கு மூக்குச் சிந்தவே தெரியாது சார்."

"அப்ப கார்டுல பொய். யாரு எழுதினது?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ எழுதுனாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது சார்."

அந்த மறைப்பைத் தாங்க என்னால் இயலவில்லை. "நான்தான் எழுதினேன்" என்று கன்னடத்தில் சொன்னேன். எழுத்தில் தரும்படி சொன்னார். நின்றபடியே காரணத்தோடு எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அதை மனுவோடு இணைத்து, வயதை உறுதிசெய்ய மருத்துவரிடம் போகும்படி அவளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "உங்களப் புடிச்சு உள்ள வெச்சுட்டா, திங்கக்கெழம எங்களுக்கு யாருக்கா எழுதுவா?"

பதில் சொல்வதற்குள் இன்னும் நான்கு பேர் படியிலிருந்து எழுந்து வந்தார்கள். அன்று அந்தச் சந்தில் அவள் பின்னால் நின்றவர்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிள்ளையின் சான்றிதழ்.

"பேனாவ மூடாதீங்க அக்கா" என்றாள் முன்னால் நின்றவள்.