கடைசிக் கட்டிலின் அழைப்பு மணி

மலேசியாவில், ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் தாதியாக இருக்கிறேன். வீண் வேலையைக் குறைக்கும் லீன் திட்டம் வந்தபோது, ஒரு ஷிப்டில் நாங்கள் நடக்கும் வழியையெல்லாம் வார்டு வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார்கள். தட்டில் கொட்டிய மீ கோரேங் நூடுல்ஸ் மாதிரி இருந்தது. காரணமில்லாத நடையெல்லாம் விரயம், குறைக்க வேண்டும் என்றார்கள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. வலிப்பது என் முழங்கால்தானே.

மருந்து வண்டி வார்டின் நடுவுக்கு வந்தது. கடைசிக் கட்டில் வரை சும்மா ஒரு நடை போய்வரும் பழக்கம் நின்றது. நோயாளிக்கு ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலோரம் வயரில் இருக்கும் மணியை அழுத்துவார், நாங்கள் போவோம்.

அந்தக் கடைசிக் கட்டிலில் ஓர் அம்மா இருந்தார். கோலா கங்சார் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் வீடு. காலில் ஆபரேஷன் முடிந்து, மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டியவர். கமுந்திங் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன் அதற்காக லீவு எடுத்திருந்தார். வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு பேச்சே இல்லை அந்த அம்மாவுக்கு.

மதியம், பார்க்க வந்தவர்கள் போனபிறகு, கழிவறைக்குத் தனியாக எழுந்து போகப் பார்த்து விழுந்துவிட்டார். சத்தம் கேட்டுத்தான் ஓடினோம். நல்ல காலும் முறிந்திருந்தது. மணி தலையணைப் பக்கத்திலேயே கிடந்தது. ஏன் அழுத்தவில்லை என்று கேட்டேன்.

"நீங்கல்லாம் வேலையா இருந்தீங்க மிஸ்ஸி. மணி அடிச்சுக் கூப்புட்டா நல்லாவா இருக்கும்?"

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரை யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் திட்டு விழும். அவராக அந்தப் பக்கம் வரும்வரை பொறுத்திருப்பார்கள். வார்டிலும் நம் பெண்கள், நாங்கள் பக்கத்தில் போனால்தான் மெதுவாக வாயைத் திறப்பார்கள்.

மகனுக்கு நான்தான் போன் செய்தேன். எந்தக் கால் என்று கேட்டார். பிறகு, "பரவால்ல லா அக்கா, லீவ மாத்திக்கிறேன்" என்றார்.

ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக் காரணத்தைப் பிடிக்கும் கூட்டம் ஒன்று நடந்தது. தோட்டத்து வழக்கத்தை நான் மலாய் மொழியில் விளக்கினேன். அது வழக்கம், காரணமில்லை, நாம் சரிசெய்யக்கூடியதாகச் சொல்லுங்கள் என்றார் மேற்பார்வையாளர். நோயாளிக்கு மறுபடி விளக்கி, மணியைக் கையோடு கட்டிவிடுவது என்று முடிவானது. கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமே வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. கேன்டீனில் போய் மதியச் சோற்றைச் சாப்பிட்டேன்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு, அந்த அம்மாவின் உள்ளங்கையில் மணியை வைத்து பேண்டேஜால் கட்டினேன். அழுத்தச் சொன்னதும் அழுத்திக் காட்டினார். எதற்கும் கூப்பிடலாம் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் மருந்தோடு போனபோது விரிப்பு முழுக்க நனைந்து, சில்லிட்டுக் கிடந்தது. வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். மணி கையிலேயே இருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இந்தப் பக்கம் எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் மிஸ்ஸி."